பாக்கெட்ல காசு இருக்கு, ஆனா அது யாரோட காசு?

தம்பிக்கு வணக்கம். உங்க லெட்டர ரெண்டு தடவை படிச்சேன். முதல் தடவை பணக் கஷ்டம்தான் கண்ணுல பட்டுச்சு. ரெண்டாவது தடவை படிக்கும்போதுதான் நடுவுல நீங்க போற போக்குல எழுதியிருந்த ஒரு வரியில நின்னுட்டேன். அதப் பத்திதான் முதல்ல பேசணும், ஆனா மத்த வாசகர்களுக்கும் புரியணும்ங்கறதால நீங்க எழுதினத சுருக்கி சொல்லிடறேன்.

வயசு 39. ஒரு கம்பெனில எலெக்ட்ரீஷியனா இருந்துட்டு, 6 வருஷமா சொந்தமா ஒயரிங் வேலை எடுத்து செய்றார், கூட ரெண்டு பசங்க வேலைக்கு இருக்காங்க. வேலைக்கு குறைவில்ல, ஆனா கையில காசு நிக்கல. ஒரு பில்டர் 5 மாசமா பாக்கி வச்சிருக்கார், கேட்டா அடுத்த பில்டிங் வேலை போயிடுமோன்னு பயந்து அழுத்தி கேக்கல. புது கஸ்டமர் குடுக்கற அட்வான்ஸ எடுத்து பழைய வேலைக்கு ஒயர் வாங்கறார், அந்த வேலை முடிஞ்சு வர்ற காசு வீட்டு செலவுக்கும் லோனுக்கும் போயிடுது, அப்புறம் இந்தப் புது வேலைக்கு மெட்டீரியல் எடுக்க இன்னொருத்தர்கிட்ட அட்வான்ஸ் வாங்க வேண்டியிருக்கு. பேங்க்ல இருந்து மெசேஜ் வந்தா படிக்காமயே தள்ளி விட்டுடறார். தினமும் ராத்திரி 3 மணிக்கு முழிப்பு. மனைவிக்கு எதுவும் தெரியாது. போன வாரம் பையன் ஸ்கூல்ல கேட்டாங்கன்னு பணம் கேக்க, அவன் நடுங்கற அளவுக்கு கத்திட்டார். ஒரு கொட்டேஷன்ல ரெண்டு ரூம கணக்குல சேக்காம விட்டு அதுல வேற நஷ்டம். "நான் சோம்பேறி இல்ல மேடம், காலைல 7 மணிக்கு போனா ராத்திரி 9 மணிக்குதான் வரேன், அப்புறம் ஏன் எனக்கு மட்டும் இப்படி? பேசாம சம்பளத்துக்கே திரும்பிப் போயிடவா?"ன்னு கேட்டிருக்கார்.

நான் நின்ன வரி இதுதான்: "சில நேரம் எல்லாத்தையும் விட்டுட்டு போயிடலாம்னு தோணுது."

தம்பி, நேராவே கேக்கறேன். போயிடலாம்னா வேற எங்கயாவது போய் இருக்கலாம்னா, இல்ல உயிரோடவே இருக்க வேண்டாம்னா? கடன்ல மாட்டினவங்க ரெண்டாவத முதல் அர்த்தத்துக்குள்ள மறைச்சு வச்சு சொல்றத 20 வருஷ கவுன்சலிங்ல நிறைய கேட்டிருக்கேன், அதனாலதான் கேக்காம விட மனசு வரல. ரெண்டாவதுதான்னா இந்தப் பதில இதோட நிறுத்திட்டு இன்னைக்கே ஒரு ஆள்கிட்ட வாய் விட்டு சொல்லுங்க, மனைவியோ அண்ணனோ கூட வேலை செய்ற நண்பரோ யாரா இருந்தாலும் சரி. தற்கொலை தடுப்பு ஹெல்ப்லைன் உங்க பகுதிக்கு எதுன்னு பாத்து கூப்பிடுங்க, பேர் கூட சொல்லாம பேசலாம். எப்படி, எப்போங்கற அளவுக்கு யோசனை போயிருந்தா தனியா இருக்காதீங்க, யாரையாவது கூட்டிக்கிட்டு நேரா ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு போங்க. கடனுக்கு தவணை மாத்தலாம், வட்டி குறைக்க சொல்லி பேசலாம், இழுத்து அடைக்கலாம், நாலு வழி இருக்கு. அதையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல நீங்க இருக்கணும்.

முதல் அர்த்தம்தான்னா, ஓடிப் போயிடலாம்னு தோணற அளவுக்கு அலுத்துப் போயிருக்கீங்கன்னுதான் நான் எடுத்துக்கறேன். இனி காசு விஷயத்துக்கு வருவோம்.

"ஏன் கையில நிக்கல"ன்னு கேட்டீங்க இல்ல, பதில் உங்க லெட்டர்லயே இருக்கு. உங்க தொழில வச்சே சொல்றேன். ஒரு வீட்டுல மோட்டார், ஹீட்டர், ஏசி, லைட்டு, ஃபேன் எல்லாத்தையும் ஒரே சர்க்யூட்ல குடுத்து வச்சிருக்காங்க, எம்சிபி, அதாவது லோடு கூடினா கரண்ட தானா நிறுத்தற சுவிட்ச், அடிக்கடி ட்ரிப் ஆகுதுன்னு உங்கள கூப்பிடறாங்க. என்ன பண்ணுவீங்க? இருக்கற ஒயர அப்படியே விட்டுட்டு இன்னும் பெரிய எம்சிபி மாட்டிட்டு வந்துடுவீங்களா? மாட்ட மாட்டீங்க, ஒயர் சூடாகி பத்திக்கும்னு தெரியும். லோட பிரிப்பீங்க, மோட்டாருக்கு தனி, ஹீட்டருக்கு தனின்னு லைன் இழுப்பீங்க. உங்க காசு இப்ப அந்த வீடு மாதிரிதான் ஓடுது. கஸ்டமரோட அட்வான்ஸ், பசங்க கூலி, வீட்டு செலவு, லோன் தவணை, நாளைக்கு கட்ட வேண்டிய வரி எல்லாம் ஒரே பாக்கெட், ஒரே அக்கவுன்ட். 3 மணிக்கு வர்ற முழிப்பும் பையன் மேல பாஞ்ச கோவமும் ட்ரிப் ஆகறதுதான். நீங்க அத உங்க குணக் கேடுன்னு நினைச்சுக்கிட்டு இன்னும் ரெண்டு மணி நேரம் கூடுதலா வேலை பாக்கறீங்க, அதாவது பெரிய எம்சிபி மாட்டறீங்க.

ஒரே பாக்கெட்ல இருந்தா என்ன ஆகும்னா, காசு இருக்கற அன்னைக்கும் நிம்மதி இருக்காது. அட்வான்ஸ் வந்த அன்னைக்கு சாயங்காலம் கையில கத்தையா இருக்கும், ஆனா அதுல உங்களோடது எவ்வளவுன்னு உங்களுக்கே தெரியாது, மனசு மட்டும் இது நம்மளோடது இல்லன்னு சொல்லிக்கிட்டே இருக்கும், அந்தக் குரல கேக்க முடியாம செலவு பண்ணிடுவோம். அட்வான்ஸ்ங்கறது வருமானம் இல்ல தம்பி. நீங்க வேலைய முடிச்சுக் குடுக்கற வரைக்கும் அது அந்த கஸ்டமருக்கு நீங்க பட்டிருக்கற கடன்தான்.

இன்னொண்ணு, கொட்டேஷன்ல ரெண்டு ரூம விட்டுட்டேன், எனக்கு மூளையே வேலை செய்யலன்னு எழுதியிருக்கீங்க. அது உங்க மூளையோட குறை இல்ல. 2013-ல சயின்ஸ் பத்திரிகைல ஒரு ஆய்வு வந்துச்சு, தமிழ்நாட்டு கரும்பு விவசாயிங்க 464 பேர வச்சு பண்ணினது. அறுவடைக்கு முன்னாடி கையில காசில்லாத நேரத்துலயும், அறுவடை முடிஞ்சு காசு வந்த அப்புறமும் அதே ஆளுங்களுக்கே யோசிச்சு செய்ற மாதிரி டெஸ்ட் குடுத்துப் பாத்தாங்க. அறுவடைக்கு முன்னாடி அதே மனுஷன் குறைவா மார்க் எடுத்தார், அறுவடைக்கு அப்புறம் கூட எடுத்தார். ரெண்டுக்கும் நடுவுல அவர் புதுசா எதையும் படிச்சுடல, காசு பத்தின யோசனை மண்டைல எடத்த அடைச்சுக்கிட்டா மத்த வேலைக்கு எடம் குறையுதுன்னு அந்த ஆய்வு பண்ணினவங்க விளக்கினாங்க. உங்க தலைக்குள்ள பில்டர் பாக்கி ஒரு பக்கம், தவணை தேதி ஒரு பக்கம் ஓடிக்கிட்டே இருக்கும்போது ரூம் எண்ணிக்கை தப்பினதுல ஆச்சரியமே இல்ல. அதனால இனிமே கொட்டேஷன வேலை முடிச்சு வந்து ராத்திரி 10 மணிக்கு உக்காந்து போடாதீங்க. சைட்லயே ரூம் ரூமா நடந்து பாயின்ட் எண்ணி நோட்டுல குறிச்சுட்டு, மறுநாள் காலைல தெளிஞ்ச தலையோட ரேட் போட்டு அனுப்புங்க. ஒரு நாள் லேட்டானதுக்காக வேலை போனதா நான் அதிகம் கேட்டதில்ல.

இப்ப நீங்க ரொம்ப பயப்படற விஷயம், அந்த பேங்க் மெசேஜ். இதுல எனக்கு சொந்த அனுபவம் இருக்கு, அத சொல்லாம ஆலோசனை மட்டும் சொல்றது நியாயமா படல. வேலைய விட்டுட்டு நான் தனியா கவுன்சலிங் ரூம் போட்ட முதல் ரெண்டு வருஷம், வாடகை, லோன் சம்பந்தமா வர்ற கவர்கள பிரிக்காமயே மேசை டிராயர்ல போட்டு மூடிடுவேன். டிராயர் நிறைஞ்சு மூட முடியாம போனப்பதான் ஒரு ஞாயித்துக்கிழமை காலைல எல்லாத்தையும் தரைல கொட்டி ஒவ்வொண்ணா கிழிச்சுப் பாத்தேன். பாத்தா நாம பயந்ததவிட குறைவாதான் இருக்கும்னு எல்லாரும் சொல்வாங்க, எனக்கு அப்படி இல்ல, நான் நினைச்சதவிட அதிகமாதான் இருந்துச்சு. ஆனா அன்னைக்கு ராத்திரி நல்லா தூங்கினேன். ஏன்னா அதுவரைக்கும் நான் பயந்தது அளவே இல்லாத ஒண்ணுக்கு, அன்னைக்குத்தான் அதுக்கு ஒரு அளவு கெடச்சுது.

அதனால அக்கவுன்ட் பிரிக்கறதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய வேலை இதுதான். ஒரு லீவு நாள் காலைல, வெளிச்சம் நல்லா இருக்கும்போது, ஒரு நோட்டு எடுத்துக்கிட்டு உக்காருங்க. ராத்திரி வேண்டாம், எந்தக் கணக்கும் ராத்திரில பெருசா தெரியும். முதல் பக்கத்துல நீங்க யாருக்கெல்லாம் குடுக்கணும், எவ்வளவு, எந்த தேதி. ரெண்டாவது பக்கத்துல உங்களுக்கு யார் யார் குடுக்கணும். மூணாவது பக்கத்துல அட்வான்ஸ் வாங்கி இன்னும் முடிக்காத வேலைங்க, அதுக்கு இன்னும் வாங்க வேண்டிய மெட்டீரியல் எவ்வளவுக்கு வரும்னு. இந்த மூணாவது பக்கம்தான் உங்களுக்கு வலிக்கப் போற பக்கம், அத தள்ளிப் போடாதீங்க. அன்னைக்கு எதையும் தீர்க்க வேண்டாம். எழுதி கூட்டிட்டு நோட்ட மூடிட்டு எழுந்துடுங்க, அந்த ஒரு நாளைக்கு அது போதும். அப்புறம் வாராவாரம் அதே நாள், அதே நேரம் அரை மணி நேரம் மட்டும் பேங்க் மெசேஜ் எல்லாம் பாத்து நோட்டுல ஏத்துங்க. மீதி நாள்ல ஒவ்வொரு மெசேஜுக்கும் நெஞ்சு படபடக்க வேண்டாம், அதுக்குன்னு ஒரு நேரம் இருக்குன்னு மனசுக்கு மெல்ல பழகிடும்.

பிரிக்கற விஷயத்துக்கு வரேன். ஆடிட்டர் அளவுக்கு எனக்கு கணக்கு தெரியாது, ஆனா சொந்தத் தொழில் பண்றவங்க என்கிட்ட வந்தா அவங்க தூக்கத்துக்கு ஒத்து வர்ற முறை எதுன்னு தெரியும். குறைஞ்சது மூணு இடமா பிரிங்க. கஸ்டமர் அட்வான்ஸும் மெட்டீரியல் காசும் ஒண்ணுல, தொழில் காசு ஒண்ணுல, வீட்டுக் காசு ஒண்ணுல. உதாரணத்துக்கு ஒரு வேலைல 100 வந்தா அதுல 55 மெட்டீரியல், 15 பசங்க கூலி, 10 வண்டிக்கும் டூல்ஸுக்கும் போனுக்கும், 5 வரிக்குன்னு வைங்க, மீதி 15-தான் உங்க உழைப்புக்கு. 100-அ பாக்கற கண்ணுக்கு 15 ரொம்ப சின்னதா தெரியும், ஆனா நீங்க இதுவரைக்கும் 100-அ வச்சு வாழ்க்கைய நடத்திட்டு 85-க்கு கடன் வாங்கியிருக்கீங்க. உங்க வேலைக்கு இந்த அளவு மாறும், பழைய பில்லுங்கள எடுத்து நீங்களே போட்டுப் பாருங்க.

வீட்டுக்கு எவ்வளவு எடுக்கறது? இதுலதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க, நல்ல மாசத்த வச்சு வீட்டு செலவ முடிவு பண்ணிடறாங்க. போன 12 மாசத்துல உங்க கைக்கு உண்மையா மிச்சமானத மாசம் மாசமா எழுதி, அதுல ரொம்ப மோசமான 3 மாசத்த எடுத்து சராசரி போடுங்க. அதுதான் உங்க சம்பளம். மாசா மாசம் ஒரே தேதில, தொழில் அக்கவுன்ட்ல இருந்து வீட்டு அக்கவுன்டுக்கு அந்தத் தொகை மட்டும் போகட்டும், நல்ல மாசம் வந்தாலும் அதேதான். கூட வர்றது தொழில் அக்கவுன்ட்லயே தங்கட்டும், மோசமான மாசத்துக்கு அதுல இருந்துதான் சம்பளம் வரும். ஒரு மாச சம்பளம் அங்க சேந்தா கொஞ்சம் மூச்சு விடலாம், மூணு மாசம் சேந்தா அந்த பில்டர்கிட்ட நீங்க பேசற குரலே மாறிடும். நீங்க கம்பெனில இருந்தப்ப நிம்மதியா இருந்ததா சொல்றீங்க இல்ல, அங்க உங்களுக்கு பிடிச்சது அந்தத் தொகைய விட, அது மாறாம வந்ததுதான்னு எனக்குத் தோணுது. அத நீங்களே உங்களுக்கு குடுத்துக்க முடியும்.

கணக்கு போட்டுப் பாத்தா அந்த சம்பளம் வீட்டுக்கு பத்தலன்னா, அப்ப பிரச்சனை ரேட்ல இருக்கு இல்ல பாக்கில இருக்கு. காலைல 7-ல இருந்து ராத்திரி 9 வரைக்கும்னு சொல்றீங்களே, ஒரு வாரம் மட்டும் அந்த 14 மணி நேரத்துல எது எதுக்கு காசு வருதுன்னு எழுதிப் பாருங்க. சைட் பாக்க போறது, கடைல போய் நின்னு மெட்டீரியல் வாங்கறது, முடிஞ்ச வேலைக்கு சும்மா வந்து பாத்துட்டுப் போங்கன்னு கூப்பிட்டா போறது, பேமென்டுக்கு அலையறது, இதெல்லாம் வேலைதான், ஆனா உங்க ரேட்ல அது சேந்திருக்கான்னு பாருங்க. சேரலன்னா நீங்க பாதி நாள் சம்பளம் இல்லாம வேலை பாக்கறீங்க.

பில்டர். இதுக்கு மனசளவுல நிறைய சொல்லலாம், ஆனா உங்களுக்கு வேண்டியது வார்த்தைங்க. பாக்கி கேக்கறது கெஞ்சறது இல்ல, ஆனா நேர்ல நின்னு தலைய சொறிஞ்சுக்கிட்டு "கொஞ்சம் பாத்து பண்ணுங்க சார்"னு கேட்டா அவரும் "பாத்துக்கலாம்"னுதான் சொல்வார், அந்தப் பேச்சுல தேதியும் இல்ல தொகையும் இல்ல. எழுத்துல அனுப்புங்க. இப்படி: "சார் வணக்கம். மூணாவது மாடி ஒயரிங் முடிஞ்சு 5 மாசம் ஆகுது. பாக்கி இவ்வளவு, பில் இதோட வச்சிருக்கேன். இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள பாதி, மாசக் கடைசிக்குள்ள மீதி வந்தாதான் அடுத்த பில்டிங்குக்கு ஆள் இறக்க முடியும். எந்தத் தேதில அனுப்பறீங்கன்னு சொல்லுங்க." இவ்வளவுதான். மன்னிச்சுக்கோங்க வேண்டாம், வீட்டு கஷ்டம் சொல்ல வேண்டாம், கோவமும் வேண்டாம். பதில் வரலன்னா மூணு நாள் கழிச்சு அதையே திரும்ப அனுப்புங்க, அப்புறம் நேர்ல போங்க, அப்பவும் நகரலன்னா வக்கீல் மூலமா நோட்டீஸ் அனுப்பறதப் பத்தி விசாரிங்க. அடுத்த வேலை போயிடுமேன்னு நீங்க பயப்படறது எனக்கு புரியுது. ஆனா அஞ்சு மாசம் காசு தராத ஆள் குடுக்கப் போற அடுத்த வேலைக்கும் நீங்கதான் கைக்காசு போட்டு ஒயர் வாங்கப் போறீங்க, அது வேலை இல்ல தம்பி, அவருக்கு நீங்க வட்டி இல்லாம குடுக்கற லோன். அந்த லோனுக்கு வட்டிய பேங்க்ல நீங்க கட்டிக்கிட்டிருக்கீங்க.

இனிமே எடுக்கற வேலைக்கு, மெட்டீரியல் காசு முழுசா முன்னாடியே, இல்லன்னா கஸ்டமரே நேரா கடைல கட்டட்டும். கூலிய கட்டம் கட்டமா பிரிச்சு கேளுங்க, சுவர் வெட்டி பைப் பதிச்சதும் ஒரு பங்கு, ஒயர் இழுத்ததும் ஒரு பங்கு, சுவிட்ச் மாட்டி ஃபிட்டிங் முடிஞ்சதும் மீதி. பைப் பதிச்ச காசு வரலன்னா ஒயர் இழுக்கப் போகாதீங்க. இத கொட்டேஷன்லயே எழுதிட்டா கேக்கும்போது கூச்சம் இருக்காது, ஏற்கெனவே பேசினதுதானே.

லோன் பத்தி கொஞ்சம். தவணை தவறினதுக்கு அப்புறம் போய் பேசறதவிட, தவறப் போகுதுன்னு தெரிஞ்சதும் நாமளா போய் பேசினா கேக்கறதுக்கு ஆள் இருக்கும், தவணைய நீட்டிக்கவோ கொஞ்ச நாள் தள்ளி வைக்கவோ வழி இருக்கான்னு கேளுங்க. ஒரு லோன அடைக்க போன்ல அஞ்சு நிமிஷத்துல கெடைக்கற இன்னொரு லோன் எடுக்கற யோசனை வந்தா அன்னைக்கு போன வேற ரூம்ல வச்சுட்டு படுங்க. எல்லாருக்கும் ஒரே மாசத்துல குடுக்க முடியாதுங்கற நிலைமைல இருப்பிடம், சாப்பாடு, உங்க கூட வேலை செய்ற ரெண்டு பசங்க கூலி, தொழிலுக்கு வேணுங்கற வண்டி இதெல்லாம் முதல்ல. அந்தப் பசங்களுக்கும் ஒரு வீடு இருக்கு, அவங்க உங்கள நம்பித்தான் ஏணிய பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்க.

இப்ப அந்த 3 மணி. ராத்திரியோட பின்பாதில எல்லாருக்குமே தூக்கம் லேசாதான் இருக்கும், விடியறதுக்கு கொஞ்சம் முன்னாடியே கார்ட்டிசால்ங்கற ஹார்மோன் உடம்புல ஏறத் தொடங்கிடும். கவலை இல்லாத ஆள் லேசா புரண்டு படுத்துட்டு தூங்கிடுவார், கவலை இருக்கறவருக்கு அந்த சின்ன இடைவெளில முழு கணக்கும் வந்து உக்காந்துக்கும். அந்த நேரத்துல போன எடுத்து பேலன்ஸ் பாக்காதீங்க, எந்த முடிவும் எடுக்காதீங்க, தொழில விடறதா வேண்டாமாங்கற முடிவு கண்டிப்பா வேண்டாம். இருபது நிமிஷம் போல ஆகியும் தூக்கம் வரலன்னா எழுந்து வேற ரூம்ல மங்கலான வெளிச்சத்துல உக்காந்துட்டு, கண்ணு சொக்கினதும் வந்து படுங்க. மணி பாக்க வேண்டாம்.

படுக்கறதுக்கு முன்னாடி ஒரு அஞ்சு நிமிஷ வேலை இருக்கு. நாளைக்கு என்னென்ன செய்யணும்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க, "பேமென்ட் கேக்கணும்"னு பொத்தாம் பொதுவா எழுதாம "காலைல 10 மணிக்கு இன்னாருக்கு போன்"னு எழுதுங்க. 2018-ல வந்த ஒரு சின்ன ஆய்வுல இப்படி செய்ய வேண்டியத எழுதிட்டுப் படுத்தவங்க, அன்னைக்கு செஞ்சு முடிச்சத எழுதினவங்கள விட சுமார் 9 நிமிஷம் முன்னாடியே தூங்கிட்டாங்க. 9 நிமிஷம் பெருசான்னு கேக்கலாம், ஆனா தலைல வச்சிருந்தத பேப்பர் ஏந்திக்கிச்சுங்கறதுதான் விஷயம். சாயங்காலம் 20, 30 நிமிஷம் கவலைக்குன்னே ஒதுக்கற முறையும் இருக்கு, 1980-கள்ல இருந்தே மனநல சிகிச்சைல பயன்படுத்தறாங்க, பகல்ல கவலை வரும்போது "6 மணிக்கு உன்ன பாக்கறேன்"னு குறிச்சு வச்சுட்டு வேலைய தொடரணும். சிலருக்கு நல்லா ஒத்து வருது, ரெண்டு வாரம் செஞ்சு பாருங்க. தூக்கத்துக்காக குடிக்கறது மட்டும் வேண்டாம், குடிச்சா சீக்கிரம் தூக்கம் வரும், ஆனா ராத்திரி பின்பாதி தூக்கத்த அதுதான் கெடுக்கும், உங்க பிரச்சனையே பின்பாதிதான்.

இத நான் இவ்வளவு அழுத்தி சொல்றதுக்கு காரணம் உங்க தொழில். 17-ல இருந்து 19 மணி நேரம் தொடர்ந்து முழிச்சிருக்கறவங்களோட வேகமும் கவனமும், ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கறவங்க அளவுக்கு குறைஞ்சு போகுதுன்னு 2000-ல வந்த ஆய்வு ஒண்ணு காட்டுச்சு. நீங்க 3 மணிக்கு முழிச்சு ராத்திரி 9 வரைக்கும் வேலை பாத்தா அது 18 மணி நேரம். போதைல இருக்கற ஒரு ஆள உங்க சைட்ல ஏணி ஏற விடுவீங்களா? அதனால தூங்காத நாள்ல போர்டு வேலை, உயரத்து வேலை எல்லாம் காலைலயே முடிச்சுடுங்க, மெயின் ஆஃப் பண்ணியாச்சான்னு டெஸ்டர் வச்சு ரெண்டு தடவை பாருங்க, சாயங்காலத்துக்கு மேல அதுல கை வைக்காதீங்க. வாரத்துல ஒரு நாள் முழுசா லீவு. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதுக்கு மேலயோ வேலை பாக்கறவங்களுக்கு, 35-ல இருந்து 40 மணி நேரம் பாக்கறவங்கள விட பக்கவாதம் வர்ற ஆபத்து 35 சதவீதம் கூடன்னு உலக சுகாதார அமைப்பும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-ல சொன்னாங்க. நீங்க 80 தாண்டிட்டீங்க.

தூக்கம் கெட்டது, எதுலயும் பிடிப்பு இல்லாதது, சோர்வு, தன் மேலயே வெறுப்பு, இதெல்லாம் ரெண்டு வாரத்துக்கு மேல பெரும்பாலான நாள் இருந்தா டாக்டர பாருங்க. டிப்ரஷனா இருக்கலாம், அதுக்கு மருந்தும் பேச்சு சிகிச்சையும் இருக்கு, நோட்டும் அக்கவுன்டும் அத சரி பண்ணாது. நெஞ்சுல வலியோ அழுத்தமோ வந்தா டென்ஷன்னு நீங்களே முடிவு பண்ணிக்காதீங்க, உடனே காட்டிடுங்க.

மனைவிகிட்ட சொல்லலன்னீங்க. அவங்கள பாதுகாக்கறதா நினைச்சுதான் மறைக்கறீங்க, அது அன்புதான், நான் குறை சொல்லல. ஆனா அவங்களுக்கு கடன் தெரியாதே தவிர, ஏதோ இருக்குன்னு தெரியாமலா இருக்கும்? பக்கத்துல படுத்திருக்கற ஆள் தினமும் 3 மணிக்கு எழுந்து உக்காந்தா தெரியும், காரணம் தெரியாததால அவங்க வேற எதையோ கற்பனை பண்ணிக்கிட்டிருப்பாங்க, அது உங்க கடன விட மோசமாவும் இருக்கலாம். அந்த நோட்டு எழுதி முடிச்ச அன்னைக்கே, அத கையில வச்சுக்கிட்டு பகல்ல சொல்லுங்க. "எனக்கு ஒரு விஷயம் தனியா தூக்க முடியல, இத்தன நாள் உன்கிட்ட சொல்லாதது தப்பு, இதப் பாரு." அவங்க அழலாம், கோவப்படலாம், என்கிட்ட சொல்லத் தோணலையான்னு கேக்கலாம். அந்தக் கோவம் கடன் மேல இருக்காது, மறைச்சது மேலதான் இருக்கும். அத கேட்டுக்கிட்டு உக்காந்திருங்க, பதிலுக்கு கணக்கு சொல்ல ஆரம்பிக்காதீங்க. அப்புறம் வாராவாரம் அந்த அரை மணி நேரம் அவங்களும் கூட உக்காரட்டும், பேச வேண்டிய அவசியம் கூட இல்ல, பக்கத்துல இருந்தா போதும்.

பையன்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லணும். "அன்னைக்கு அப்பா கத்தினது உன் மேல உள்ள கோவம் இல்ல, நீ பணம் கேட்டது தப்பில்ல, இனிமேயும் கேளு, இருந்தா தரேன், இல்லன்னா இல்லன்னு சொல்றேன்." பிள்ளைங்க காசில்லாத வீட்டுல வளந்துடுவாங்க தம்பி, கேக்கறதுக்கே பயப்பட வேண்டிய வீடுதான் கஷ்டம். நாளைக்கு ஸ்கூல்ல அவனுக்கு வேற ஒரு பிரச்சனை வந்தா உங்ககிட்ட வந்து சொல்லணும் இல்லையா.

கடைசியா, சம்பளத்துக்கு திரும்பிப் போகலாமான்னு கேட்டீங்க. போகலாம், அதுல அவமானம் எதுவும் இல்ல. ஆனா இப்ப முடிவு பண்ண வேண்டாம்னு சொல்வேன், ஏன்னா உங்க தொழில் நஷ்டத்துல ஓடுதா, இல்ல லாபத்துல ஓடி பில்டர்கிட்ட மாட்டிக்கிட்டு நிக்குதான்னு உங்களுக்கு இன்னும் தெரியாது. மூணு மாசம் பிரிச்சு வச்சு ஓட்டிப் பாருங்க, நோட்டு சொல்லிடும். நடுவுல ஒரு வழியும் இருக்கு, ஏதாவது ஆபீஸ்லயோ அப்பார்ட்மென்ட்லயோ மாசத் தொகைக்கு மெயின்டனன்ஸ் கான்ட்ராக்ட் கெடைக்குதான்னு பாருங்க, வாரத்துல ரெண்டு நாள் அதுக்கு போனாலும் வீட்டு சம்பளத்துல ஒரு பங்கு ஆடாம நின்னுடும். மீதி நாள் உங்க சொந்த வேலை. என்கிட்ட வந்த சிலர் இப்படித்தான் மூச்சு வாங்கினாங்க.

ஒரு மாசம் கழிச்சு எனக்கு எழுதுங்க. நோட்டுல எவ்வளவு கூட்டு வந்துச்சுன்னு எல்லாம் எழுத வேண்டாம். மனைவிகிட்ட சொன்ன அன்னைக்கு ராத்திரி எத்தனை மணிக்கு முழிச்சீங்கன்னு மட்டும் எழுதுங்க.